பச்சை வளையம் போட்ட ஜோடி

தகாவோகா
மார்ச் 20, 1963

மசுயே அக்காவுக்குத் தமயோ வணங்கி எழுதுவது.

பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கினுகோ, அதைத் தூக்கிக்கொண்டு வந்த உன் வீட்டு அத்தான், பக்கத்து வீட்டு ஹமாதா அம்மாள், அவள் இடுப்பில் பேரன். ஆக ஆறு பேர். உள்ளே இருந்தவை இரண்டு. இரண்டும் உயிரோடு வந்து சேர்ந்தன. அமிதா புத்தரின் கருணை.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஏணியிலிருந்து விழுந்த அன்றே கட்டுப் போட்டிருக்க வேண்டும். இங்கே இந்த வருஷத்துப் பனியைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பாய். கூரையைத் தொட்டது இப்போதுதான் சன்னல் வரை இறங்கியிருக்கிறது.

உன் பண்ணைச் சில்லைக் குருவிகளைப் பார்த்ததும் ஹமாதா அம்மாள், “என்னங்க இது, சிட்டுக்குருவிய அரிசி களைஞ்ச தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு!” என்றாள். என் வீட்டுக்காரர் அவளை விட்டார், அத்தானைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணைக் கூட்டிட்டுப் போறீங்க, பதிலுக்கு ரெண்டு குருவியா? மச்சினி யாவாரத்துல கெட்டிக்காரிதான்!” எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரயிலில் கினுகோ அவருடன் கிளம்பிவிட்டாள். பதினெட்டு வயதில் முதல் தடவையாக என்னை விட்டு, உனக்கு ஒத்தாசையாக ஒரு மாதம் இருக்கப் போகிறாள். “பெத்தவ வீட்டுக்குத்தானே போறா, என்ன பயம்?” என்றார் அத்தான். பயம் ஒன்றும் இல்லை. நீ பெற்றாய், நான் வளர்த்தேன், இரண்டும் ஒரு தாய் வயிற்றுக் கைகள்தான்.

உங்கள் ஊரில் வெயில் வந்திருக்கும் என்று நீலக் கம்பளிக் கோட்டை இங்கேயே ஆணியில் விட்டுப் போயிருக்கிறாள். ஒரு மாதம்தானே.

பறவைகளுக்கு என்ன கொடுப்பது என்று எழுது. நான் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் பழகியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தமயோ


கிசோ ஆற்றங்கரை
ஏப்ரல் 2

தமயோவுக்கு,

எல்லோரும் நலம். இடுப்பு பரவாயில்லை. நடக்கும்போது மட்டும் வாத்து மாதிரி இருக்கிறதாம், உன் அத்தான் சொல்கிறார். அவர் வாயைத் தைக்க ஊசி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பறவைகளுக்குக் குதிரைவாலி நான்கு பங்கு, தினை மூன்று பங்கு, பனிவரகு ஒரு பங்கு. சிப்பித் தூள் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும். கீரையை ஈரம் துடைத்து வை. குளிக்கத் தட்டில் தண்ணீர், தினமும் புதிதாக. உங்கள் ஊர்க் குளிருக்கு மாலையில் கூண்டின் மேல் துணி போர்த்து. கரிக் கணப்புக்கு அருகில் வைக்காதே, புகை ஆகாது. வைக்கோல் கூட்டை உயரத்தில் கட்டு. முட்டையிட்டால் முட்டைக்கரு பிசைந்த தினை கொடு. அவ்வளவுதான். ரொம்பச் சாது. எங்கே வைத்தாலும் இருக்கும், எதைக் கொடுத்தாலும் அடைகாக்கும். காலில் உள்ள பச்சை வளையத்தைக் கழற்றாதே, நகம் பெயரும்.

கினுகோ கைவேகக்காரி. என் பிள்ளை இசாமு கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. அவன் நின்ற இடத்தில் யாராவது நிற்பதைப் பார்க்கவே எனக்குத் தெம்பாக இருக்கிறது. கூண்டு வரிசையில் அவள் நடந்து வரும்போது இவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

உன் வீட்டுக்காரர் ரியோகிச்சி தம்பிக்கு என் விசாரிப்பு.

மசுயே


தகாவோகா
ஏப்ரல் 25

அக்காவுக்கு வணக்கம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே. இங்கே செர்ரி பூத்து மூன்று நாளில் மழை வந்து கொட்டிவிட்டது.

நீ சொன்னபடியே செய்கிறேன். பறவைகளுக்கென்று தனி நோட்டு போட்டிருக்கிறேன். எந்த நாள் எத்தனை முறை குளித்தன, எவ்வளவு தின்றன, எல்லாம் எழுதுகிறேன். ஒன்று மார்பைப் பொம்மென்று வைத்துக்கொண்டு பாடுகிறது, மற்றது பாடுவதில்லை. அதனால் ஆணும் பெண்ணும்தான். ஆண் பாடும்போது பெண் வேறு பக்கம் பார்க்கிறது. “நம்ம வீட்டு வழக்கம் அதுக்கும் தெரிஞ்சிருக்கு” என்கிறார் என் வீட்டுக்காரர். அவரும் குளிக்கும்போது பாடுவார்.

நீ சொன்ன ஒரு மாதம் 20ஆம் தேதியோடு முடிந்தது. கினுகோவின் தையல் வகுப்பு திறந்துவிட்டது. ஆசிரியை இரண்டு முறை கேட்டார். எந்த ரயிலில் வருகிறாள் என்று எழுதினால் இவர் நிலையத்துக்குப் போவார்.

தமயோ


கிசோ ஆற்றங்கரை
மே 30

தமயோவுக்கு,

பதில் தாமதம். குஞ்சு பொரிக்கும் பருவம், சாப்பிட நேரமில்லை. அனைவரும் நலம்.

ஆண் அதிகமாகப் பாடினால் கீரையைக் குறை. இறகு உதிர்ந்தால் பயப்படாதே. நகம் வளர்ந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார், சிவப்பு நரம்புக்கு முன்னால் வெட்டு. நோட்டு எல்லாம் எதற்கு? பறவைக்குப் படிக்கத் தெரியாது.

கினுகோ சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நலமாக இருக்கிறாள். மழைக்காலம் முடியட்டும்.

மசுயே


கிசோ ஆற்றங்கரை
ஜூன் 12

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கினுகோ எழுதுவது. நலமா? அம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா உலோக வார்ப்பு ஆலையில் முகத்துக்குத் துணி கட்டிக்கொள்கிறாரா?

தாமதமாக எழுதுகிறேன், திட்டாதீர்கள். காலை ஐந்து மணிக்கு வேலை ஆரம்பம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கூண்டு. அம்மா மாதிரி நானும் எண்ணினேன்.

இங்கே வண்ணச் சில்லைகள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் ஒரே பறவையில். வெளிநாட்டுக்குப் போகிறவை. பார்க்க ராணி மாதிரி, ஆனால் முட்டையிட்டதோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த முட்டையை எடுத்துச் சாதாரணச் சில்லையின் கூட்டில் வைப்போம். அது தன் முட்டை எது, பிறத்தியார் முட்டை எது என்று பார்ப்பதே இல்லை. பொரித்து, ஊட்டி, வளர்க்கும். குஞ்சு தானாகத் தினை கொத்த ஆரம்பித்ததும் பிரித்து வேறு கூண்டில் விட்டுவிடுவோம். “ரெண்டு நாள் கூப்பிடும். மூணாம் நாள் அடுத்த முட்டைய வெச்சா மறந்துடும்” என்கிறார் பெரியம்மா.

இப்படி வளர்க்கும் செவிலிப் பறவைகளுக்குத்தான் பச்சை வளையம். நம் வீட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்ட ஜோடிதான்! பெரியப்பாவிடம் கேட்டேன். “ஆறு வருசத்துல எண்பது குஞ்சுக்கு மேல வளத்துச்சு. சொந்தக் குஞ்சு ஒண்ணுகூடக் கிடையாது, அது முட்டைய நாங்க எடுத்துடுவோம்ல? வயசாயிடுச்சு, இனி உக்காந்து தின்னட்டும்னு அனுப்பினோம்” என்றார். அம்மா, அவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், ரொம்ப உழைத்திருக்கின்றன.

முட்டையை விளக்கு முன் பிடித்துக் கரு இருக்கிறதா என்று பார்க்க ஷோஹெய் என்பவர் கற்றுக்கொடுத்தார். பக்கத்துப் பண்ணைக்காரரின் இரண்டாவது மகன். என் முதல் முட்டை கையிலேயே உடைந்துவிட்டது. “இது ஆம்லெட் கடை இல்லீங்க” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நாற்பதும் உடையவில்லை.

எப்போது வருவேன் என்று பெரியம்மாதான் சொல்ல வேண்டும். கேட்டால் இசாமு அண்ணன் படத்தைப் பார்க்கிறார். அதற்கு மேல் எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

உங்கள் கினுகோ


தகாவோகா
ஜூலை 1

அக்காவுக்குத் தமயோ வணங்கி எழுதுவது. மழை விடவில்லை. உன் இடுப்புக்கு ஈரம் ஆகாது, பார்த்துக்கொள்.

முதலில் பறவை விவரம். ஜூன் 19 முதல் நாளுக்கு ஒன்றாக ஐந்து முட்டைகள் இட்டிருக்கிறது. ஐந்தாவது வந்ததிலிருந்து இரண்டும் மாறி மாறி உட்காருகின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். அவற்றின் முட்டை அவற்றிடமே இருக்கட்டும்.

பச்சை வளையம் எதற்கு என்று கினுகோ எழுதியிருந்தாள். விகற்பம் இல்லாமல் எழுதியிருந்தாள், அவளைத் திட்டாதே. முந்நூற்றுப் பன்னிரண்டு கூண்டில் எனக்கென்று அந்தக் கூண்டைத் திறந்தது நீயா, அத்தானா? குஞ்சைப் பிரித்தால் மூன்றாம் நாள் அடுத்த முட்டையை வைக்க வேண்டும் என்று சொன்னாயாம். எனக்கு நீ முதல் நாளே வைத்துவிட்டாய். இரண்டாக வைத்தாய்.

தவறாக நினைத்திருந்தால் மன்னித்துவிடு. ஆகஸ்டில் முன்னோர் வழிபாட்டுக்காவது அவள் இங்கே வர வேண்டும். என் மாமியார் மாமனார் நினைவுப் பீடத்துக்கு அவள்தான் ஒவ்வொரு வருஷமும் பூ வைப்பாள். 12ஆம் தேதி ரயிலுக்கு இவர் நிலையத்தில் நிற்பார்.

தமயோ


கிசோ ஆற்றங்கரை
ஆகஸ்ட் 20

தமயோவுக்கு,

ரியோகிச்சி தம்பி நிலையத்தில் மூன்று ரயில் பார்த்துவிட்டுத் திரும்பினார் என்று ஹமாதா அம்மாள் தபால் அட்டை போட்டிருந்தாள். அவளுக்கு எதற்கு இந்த வேலை? இருந்தாலும் என் தப்புதான். எழுதியிருக்க வேண்டும்.

இது இசாமு போனபின் அவனுக்கு வரும் முதல் வழிபாடு. அவன் விளக்கை ஆற்றங்கரை வரை ஏந்திப் போக இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று வேண்டியிருந்தது. கினுகோ ஏந்தினாள்.

நீ கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். கூண்டைத் திறந்தது நான்தான். உனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் கொடுத்தேன். இருந்ததிலேயே நல்ல ஜோடி அது. நீ அதில் முள் இருக்கிறதா என்று தேடுகிறாய்.

சுற்றிப் பேசத் தெரியாது எனக்கு. கினுகோவுக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். ஷோஹெய் நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. இந்த வீட்டுப் பெயரும் பண்ணையும் முன்னோர் பீடமும் அவர்கள் கைக்குப் போகும். குடும்பப் பதிவேட்டில் அவள் இன்றைக்கும் என் மகள்தான். நீங்கள் பெயரை மாற்றி எழுதவே இல்லை. நான் எதையும் திருடவில்லை.

நீ நோட்டு வைத்திருக்கிறாய். எனக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பது வருஷத்தில் நீ அவளை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தது ஏழு தடவை. ஏழு தடவையும் நான் அவள் தலையில் கை வைத்த உடனே, “பெரியம்மாவுக்கு வேலை இருக்கும், வா” என்று இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு என்ன வேலை இருந்தது, தமயோ?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மசுயே


தகாவோகா
செப்டம்பர் 6

அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

1944 அக்டோபர் 9ஆம் தேதி நம் பிறந்த வீட்டுப் பீடத்தின் முன் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, கோயில் குரு, நீ, உன் முதுகில் ஒன்றரை வயது இசாமு, நான், ஐந்து மாதக் கினுகோ. ஆக ஏழு பேர். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் போரில் இருந்தார்கள். உனக்குப் பால் வற்றிவிட்டது, பிள்ளையில்லாத எங்கள் வீட்டில் ஆடு கறந்துகொண்டிருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள் குழந்தை. நீ அவளை என் மடியில் வைத்தாய். “இனிமே இவ உன் பொண்ணுடி. புத்தர் முன்னாடி சொல்றேன், திருப்பிக் கேக்க மாட்டேன்” என்றாய். குரு மணியைத் தட்டினார்.

அந்த ஏழு பேரில் நான்கு பேர் இல்லை. கினுகோவுக்கு நினைவிருக்காது. அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் மிச்சம் நீயும் நானும்.

அவளைப் பள்ளியில் சேர்த்தபோது இவர், “பதிவேட்டுல மாத்தி எழுதிடலாமே” என்றார். “அக்காகிட்டக் காகிதம் கேக்கறதா? புத்தர் முன்னாடி சொன்னதுக்கு மேல முத்திரை எதுக்கு?” என்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். இப்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் நன்றாக இருக்கும்.

ஏழு தடவை என்றாயே, அது சரியான கணக்கு. நான் மறுக்கவில்லை. நீ அவள் தலையில் கை வைக்கும்போது அவள் முகம் உன் முகமாகவே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஆனால் ஒன்று. வெளிப்படையாகக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை கொடுத்தும் இருப்பேன். இசாமுவுக்காக நானும் நாற்பத்தொன்பது நாள் விளக்கேற்றித் துக்கம் காத்தவள். நீ இடுப்பு வலி என்றாய், ஒரு மாதம் என்றாய், மழைக்காலம் என்றாய்.

காலையில் அமிதா புத்தர் முன் உட்கார்ந்தால் வாய் அவர் பெயரைச் சொல்கிறது, மனம் உன் பெயரைச் சொல்கிறது. நல்ல விதமாக அல்ல. இந்தப் பாவத்தையும் உன் பெயரில்தான் எழுதுகிறேன்.

நோட்டில் உள்ளது: ஐந்தும் கூமுட்டை. பதினாறு நாளில் பொரிக்க வேண்டும், இருபத்தேழு நாள் உட்கார்ந்தது. “எடுத்துடு, பாவம்” என்றார் இவர். நான் எடுக்கவில்லை. தானாக எழுந்தது.

தமயோ


கிசோ ஆற்றங்கரை
அக்டோபர் 15

மரியாதைக்குரிய சித்திக்கும் சித்தப்பாவுக்கும்,

இலையுதிர் காலக் குளிர் தொடங்கிய இவ்வேளையில் தாங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

என் திருமணம் நவம்பர் 20ஆம் தேதி இங்கே நடைபெற நிச்சயிக்கப்பட்டுள்ளது. தாங்கள் இருவரும் வந்திருந்து ஆசி வழங்க வேண்டும். உறவினர் வரிசையில் இரண்டு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அழைப்புக் கடிதங்கள் எல்லாம் ஒரே முறையில் இருக்க வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். ஷோஹெய் வீட்டாருக்கு விவரம் தெரியும், ஆனாலும் ஊர்ப் பேச்சு என்று ஒன்று இருக்கிறதாம். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. இசாமு அண்ணன் படத்தின் முன் தினமும் அழுகிறார்.

நிறைய எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மாலையில் கூண்டின் மேல் துணி போர்த்துகிறீர்களா?

கினுகோ


தகாவோகா
அக்டோபர் 28

கினுகோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் வரியைப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது.

கல்யாணச் செய்தி அறிந்தோம். புத்தர் உன்னைக் காப்பார். அந்தப் பையனுக்குக் கையில் உடையாமல் முட்டை பிடிக்கத் தெரிகிறது, பொறுமைக்காரனாகத்தான் இருப்பான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன்மேலும் இல்லை. அழுகிறவர்களைப் பார்த்து மனம் இளகு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எந்த வாசலில் நின்று அழுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உறவினர் வரிசையில் எங்கள் இடம் எத்தனையாவது என்று எழுதவில்லை. எத்தனையாவதாக இருந்தாலும் வருவதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் நேராகக் கூண்டின் முன் போய் உட்காருகிறார். நேற்று ஆண் பறவையிடம், “பாடுடா, உனக்கென்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது பாடியது. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள்: நான், அவர், பறவைகள் இரண்டு. ஆக நான்கு. துணி போர்த்துகிறேன்.

கூமுட்டைகளை எடுத்த பிறகும் பெண் பறவை வெறும் கூட்டில் போய் உட்கார்ந்தது. ஹமாதா அம்மாள் சந்தையிலிருந்து பீங்கான் முட்டை இரண்டு வாங்கி வந்தாள். “வெச்சுப் பாருங்க, அதுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்” என்றாள். வைத்தேன். உடனே அணைத்துக்கொண்டது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துவிட்டேன். ஆறு வருஷம் ஏமாற்றியது போதும். கூட்டையும் அவிழ்த்துவிட்டேன். இப்போது இரண்டும் கம்பில் ஒட்டி உட்கார்ந்து தூங்குகின்றன. பச்சை வளையத்தைச் சின்னக் கத்தரியால் வெட்டினோம். நகம் பெயரவில்லை.

உன் பொருள்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். தையல் பெட்டி, பள்ளிப் படங்கள், மழைச் செருப்பு. சாமான் ரயிலில் 5ஆம் தேதி வந்து சேரும். மொத்தம் பதினான்கு உருப்படி, பட்டியல் உள்ளே இருக்கிறது, சரிபார்த்துக்கொள்.

பட்டியலில் சேர்க்காதது ஒன்று மட்டும். உன் நீலக் கம்பளிக் கோட்டு இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. போன வருஷம்தான் கையை இறக்கித் தைத்தேன், இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கும். அங்கே இவ்வளவு பனி இல்லை, தேவைப்படாமலும் இருக்கலாம். இங்கே மலையில் நேற்றே வெள்ளை விழுந்துவிட்டது.

அதை அனுப்பிவிடவா, இங்கேயே இருக்கட்டுமா? இது ஒன்றுக்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுது.